மாத்திரை நம்ம வாசலுக்கு வந்த கதை



மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கன்னு நம்ம கூட்டமைப்புத் தலைவி கேட்டப்போ, "எனக்கு என்னக்கா எழுதத் தெரியும்?"னுதான் முதல்ல சொன்னேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுவில தீர்மானப் புத்தகம் எழுதுறதோட என் எழுத்து வேலை முடிஞ்சிரும். "சேமிப்பு, கடன், தொழில் பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. நீ வேற ஏதாவது ஒரு வரலாறு எழுதிட்டு வா"ன்னு சொல்லிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி எங்க அத்தைக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அரசாங்க மருந்து, விற்பனைக்கு அல்லன்னு அச்சடிச்சிருந்தது. தயாரிச்ச மாசம், காலாவதியாகிற மாசம் எல்லாம் இருந்தது. எங்கேயோ ஒரு கம்பெனியில செஞ்ச இந்த மாத்திரை எத்தனை கை மாறி எங்க வீட்டு அலமாரிக்கு வந்திருக்கும்? அதுல கடைசிக் கை யாரோடது? நம்ம குழுவில இருக்கிற ஒரு மதினியோடதுதானே! அப்போ இதுவும் நம்ம வரலாறுதான்னு தோணுச்சு. அதனால மருந்து ஊருக்குள்ள வந்த கதையை எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எழுதுறேன். பயிற்சிகள்ல கேட்டது, ஆஸ்பத்திரியில விசாரிச்சது, எங்க வீட்டில நடந்தது எல்லாம் இதுல கலந்து இருக்கும்.

அஞ்சறைப்பெட்டியும் அம்மைப்பாலும்

அந்தக் காலத்தில மருந்துக் கிடங்கு எதுன்னு கேட்டா, நம்ம ஆச்சிமார் அஞ்சறைப்பெட்டியைத்தான் காட்டுவாங்க. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், மஞ்சள் இதுக்கு மிஞ்சின வியாதின்னா நாட்டு வைத்தியர். நமக்குப் பொதிகை மலை பக்கத்திலேயே இருக்கிறதால மூலிகைக்குப் பஞ்சமில்லை. பாளையங்கோட்டையில 1964-ல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்ததும், அடுத்த வருஷம் 1965-ல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கினதும் நமக்குப் பெரிய பாக்கியம். நம்ம ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி அந்தக் கல்லூரியோட சேர்ந்ததுதான்.

ஆனா பெரியம்மைக்கு அஞ்சறைப்பெட்டியில மருந்து கிடையாது. அம்மை வந்தா வேப்பிலை கட்டி, ஆத்தாளைக் கும்பிட்டுக் காத்திருக்கணும். பிழைச்சவங்க முகத்தில தழும்போட இருந்தாங்க, கண்ணு போனவங்களும் உண்டு.

இதுக்குத் தடுப்பூசி நம்ம நாட்டுக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? கேட்டா ஆச்சரியமா இருக்கும். 1802-ம் வருஷம் ஜூன் 14-ம் தேதி பம்பாயில அன்னா டஸ்ட்ஹால் என்கிற மூணு வயசுப் பெண் குழந்தைக்குத்தான் இந்தியாவில முதல்ல அம்மை குத்தினாங்க. அப்போ ஐஸ் பெட்டி கிடையாது. வெயில்ல மருந்து கெட்டுப் போயிரும். அதனால ஒருத்தர் கையில அம்மை குத்தி, எட்டாம் நாள் வாக்கில அங்க வந்த கொப்புளத்தில இருந்து பாலை எடுத்து அடுத்தவர் கையில குத்துவாங்க. அப்படியே கை மாறிக் கை மாறி, பாக்தாத், பாஸ்ரா வழியா கப்பலேறி அது பம்பாய் வந்து சேர்ந்தது. அந்தக் குழந்தை கையில இருந்து எடுத்த பால்தான் பிறகு ஊர் ஊராகப் போனது. சென்னைப் பட்டணத்துக்கும் இலங்கைக்கும் அந்தச் சங்கிலிதான் வந்தது. ஸ்பெயின் நாட்டுக்காரங்க 1803-ல் 22 அனாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏத்தி, இதே மாதிரி கையில இருந்து கைக்கு மாத்தி அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டு போனாங்களாம்.

அதாவது மருந்தை நோயாளிகிட்ட சேர்க்கிற முதல் சங்கிலி மனுஷங்க உடம்பாலேயே கட்டின சங்கிலி. நடுவில ஒரு குழந்தைக்குச் சரியா கொப்புளம் வரலைன்னா சங்கிலி அறுந்து போகும். அதுக்கு அப்புறம் இருக்கிற ஊர்களுக்கு மருந்து இல்லை. இதை நான் எழுதக் காரணம் இருக்கு. இருநூறு வருஷம் கழிச்சும் கதை அப்படியேதான் இருக்கு. ஒரு கண்ணி விட்டுப் போனா, அதுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் வராது.

பிறகு 1899-ல் சென்னை கிண்டியில கிங் இன்ஸ்டிடியூட் வந்தது. அங்கேயே அம்மைப்பால் தயாரிச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அம்மை குத்துறவர் ஊருக்கு வந்தா பிள்ளைகளைத் தூக்கிட்டு வைக்கோல் படப்புக்குப் பின்னால ஒளிஞ்ச கதையை எங்க ஆச்சி சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. அப்படியும் விடாம வீடு வீடாகப் போனதாலதான் 1975-க்குப் பிறகு இந்தியாவில பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லைன்னு அறிவிச்சாங்க.

கண்ணாடி பாட்டில் காலம்

நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா வீட்டில இருந்தே பாட்டில் கொண்டு போகணும். அதுலதான் மிக்சர் ஊத்தித் தருவாங்க. மாத்திரை பெரிய தகர டப்பாவில உதிரியா இருக்கும். எண்ணி எடுத்துக் காகிதத்தில மடிச்சுக் கொடுப்பாங்க. மடியில கட்டிட்டு வந்தா வேர்வையில ஊறிப் பொடியாகிப் போயிருக்கும். எது காய்ச்சல் மாத்திரை, எது வயித்து மாத்திரைன்னு தெரியாது. எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்த மருந்து அங்க இருக்காது, வெளியில வாங்கணும்.

இந்தக் குறை தமிழ்நாடு முழுக்கவே இருந்தது. மருந்துக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கத்தான் செஞ்சது. ஆனா வருஷக் கடைசியில பணம் தீர்ந்து போகும், சில இடத்தில மருந்து குவிஞ்சு கிடந்து காலாவதியாகும், சில இடத்தில ஒண்ணுமே இருக்காது. மருந்து கொள்முதல்ல முறைகேடுன்னும் பேச்சு வந்தது.

அதுக்குப் பிறகு 1994 ஜூலையில தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. ஐ.ஏ.எஸ். அதிகாரி பூரணலிங்கம் அவர்கள் அதை முன்னின்று அமைச்சார். 1995 ஜனவரியில இருந்து அது மருந்து வழங்க ஆரம்பிச்சது. அவங்க செஞ்ச வேலை ஒவ்வொண்ணும் நம்ம குழுப் பெண்களுக்கு உடனே புரியும். ஏன்னா எல்லாம் வீட்டுக் கணக்கு மாதிரிதான்.

முதலாவது, மொத்தக் கொள்முதல். தீபாவளிக்கு எண்ணெயும் மாவும் ஆளுக்கு ஒரு கிலோவா கடையில வாங்கினா என்ன விலை, குழுவா சேர்ந்து மூட்டையா வாங்கினா என்ன விலை? அது மாதிரி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா வாங்காம, மாநிலம் முழுக்கத் தேவையான மருந்துக்குச் சேர்த்து டெண்டர் விட்டாங்க. தயாரிக்கிற கம்பெனிகிட்ட இருந்து நேரா வாங்கினாங்க. விலை நல்லா குறைஞ்சது.

இரண்டாவது, எது தேவையோ அதை மட்டும் பட்டியல் போட்டாங்க. கடையில ஆயிரக்கணக்கான பேர்ல மருந்து இருக்கு. ஆனா பெரும்பாலான வியாதிக்குச் சில நூறு மருந்து போதும். உலக சுகாதார நிறுவனம் 1977-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியல்னு வெளியிட்டிருக்கு. அந்த வழியில இங்கேயும் பட்டியல் வந்தது.

மூணாவது, கிடங்கு. மாவட்டத் தலைநகரங்கள்ல மருந்துக் கிடங்கு வச்சாங்க. சில மாசத்துக்குத் தேவையான இருப்பு எப்பவும் இருக்கணும். நம்ம வீட்டுக் குதிர்ல அடுத்த அறுப்பு வரைக்கும் நெல் இருக்கிற மாதிரி. பழைய அரிசியை முதல்ல பொங்கி, புது அரிசியைப் பிறகு எடுக்கிறோம்லா? அங்கேயும் சீக்கிரம் காலாவதியாகிற மருந்தை முதல்ல வெளியே அனுப்பணும்னு விதி. எந்தக் கிடங்கில எவ்வளவு இருக்குன்னு சென்னையில உட்கார்ந்தே கம்ப்யூட்டர்ல பார்க்கிற ஏற்பாட்டை அந்தக் காலத்திலேயே செஞ்சுட்டாங்க.

நாலாவது, சோதனை. கிடங்குக்கு வந்த ஒவ்வொரு தொகுதி மருந்தில இருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பேர் தெரியாம குறியீடு போட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. நல்ல மருந்துன்னு வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். மாத்திரையையும் உதிரியா இல்லாம அட்டையில அடைச்சு, அரசாங்க முத்திரை போட்டுத் தரச் சொன்னாங்க. தகர டப்பாவும் காகித மடிப்பும் அப்படித்தான் மறைஞ்சது.

அஞ்சாவதைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக்! ஆமா, நம்ம கையில இருக்கிற மாதிரியே பாஸ்புக். இந்த வருஷம் உங்களுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்துன்னு அதுல வரவு வச்சிருவாங்க. மருந்து எடுக்க எடுக்கப் பத்து எழுதி, மிச்சம் எவ்வளவுன்னு தெரியும். யார் எவ்வளவு எடுத்தா, எது தேங்கிக் கிடக்குன்னு பாஸ்புக்கைத் திறந்தாலே தெரிஞ்சு போகும்.

பாஸ்புக்கோட அருமை நமக்குத் தெரியாதா? 1989-ல் தருமபுரி மாவட்டத்தில முதல் மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சு, 1997-ல் மகளிர் திட்டமா மாநிலம் முழுக்கப் பரவி, நம்ம கைக்கு ஒரு பாஸ்புக் வந்த பிறகுதானே வங்கி மேனேஜர் நம்மளை உட்காரச் சொன்னார்! ஆஸ்பத்திரிகளுக்கும் கிட்டத்தட்ட அதே காலத்திலதான் பாஸ்புக் வந்திருக்கு. இந்த ஏற்பாட்டைப் பார்த்து வேற மாநிலங்களும் செஞ்சாங்க. கேரளாவில இதே மாதிரி கழகம் வந்தது. ராஜஸ்தான்ல 2011 அக்டோபர் 2-ம் தேதி இலவச மருந்துத் திட்டம் ஆரம்பிச்சப்போ தமிழ்நாட்டு முறையைத்தான் முன்மாதிரியா வச்சுக்கிட்டாங்க.

ஐஸ் பெட்டி தூக்கின அக்காமார்

மாத்திரைக்கு முன்னாலேயே ஊருக்குள்ள ஒழுங்கா வந்து சேர்ந்தது தடுப்பூசிதான். 1985-ல் நாடு முழுக்கத் தடுப்பூசித் திட்டம் வந்தது. தடுப்பூசி 2 டிகிரியில இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். கம்பெனியில இருந்து மாநிலக் கிடங்கு, அங்க இருந்து மாவட்டம், பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்து ஐஸ் பெட்டி, கடைசியில கிராம சுகாதார செவிலியர் தோள்ல தொங்குற சின்னப் பெட்டி. நாலு பக்கமும் ஐஸ் கட்டி வச்சு, புதன்கிழமை ஆனா அந்த அக்கா பஸ்ஸிலேயும் நடந்தும் ஊர் ஊராக வருவாங்க. நம்மூர் அக்னி நட்சத்திர வெயில்ல அதைக் காப்பாத்திக் கொண்டு வர்றது சாதாரண வேலையா?

சில தடுப்பூசிக் குப்பியில ஒரு வட்டமும் அதுக்குள்ள ஒரு கட்டமும் போட்டிருக்கும். சூடு பட்டா உள்ள இருக்கிற கட்டம் கறுத்துக்கிட்டே வரும். வட்டத்தோட நிறத்துக்கு வந்துட்டா அந்த மருந்தைப் போடக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூடப் பார்த்துச் சொல்லலாம். இந்தச் சங்கிலி அறாம இருந்ததாலதான் 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில இளம்பிள்ளை வாதம் வரலை, 2014 மார்ச்சில போலியோ இல்லாத நாடுன்னு சான்று கிடைச்சது.

எங்க அம்மா கதை

இனி சொல்றது என் வீட்டுக் கதை.

எங்க அம்மாவுக்குப் பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சப்போ அவளுக்கு நாற்பத்தாறு வயசு. பாளையங்கோட்டைக்குப் போய்க் காட்டினோம். மாத்திரை கொடுத்து, தீரும்போது வந்து திரும்ப வாங்கிக்கோங்கன்னு சொன்னாங்க. மாத்திரை இலவசம்தான். ஆனா ஒரு நாள் போகணும்னா ஒரு நாள் கூலி போச்சு. பஸ்ஸுக்குக் காசு. களை எடுப்பு நாள்ல போக முடியாது, நடவு நாள்ல போக முடியாது. அதனால அம்மா என்ன செஞ்சா தெரியுமா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போட்டா. முப்பது நாள் மாத்திரை அறுபது நாளைக்கு வந்துச்சு. "எனக்கு ஒண்ணும் செய்யலைட்டி, தலை கூட வலிக்கலை"ம்பா. கடைசியில சுத்தமா நிறுத்திட்டா.

2010-ல் ஒரு நாள் காலையில வாசல் தெளிச்சுக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டா. வலது கையும் காலும் வரலை, பேச்சும் குழறிப் போச்சு. இரண்டு வருஷம் படுக்கையில இருந்து போய்ச் சேர்ந்தா.

யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. மாத்திரை ஆஸ்பத்திரியில இருந்தது. எங்க அம்மா ஊர்ல இருந்தா. நடுவில இருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைத்தான் எங்களால கடக்க முடியலை.

எங்க அம்மா மட்டும் இப்படி இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். 2012-க்குப் பிறகு தமிழ்நாட்டில ஆரம்ப சுகாதார நிலையங்கள்லேயே சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது பரவலாச்சு. அப்படியும் 2020-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில, தமிழ்நாட்டில பெரியவங்க 100 பேர்ல 34 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருக்குன்னு தெரிஞ்சது. அப்படி இருக்கிற 100 பேர்ல அது கட்டுக்குள்ள இருக்கிறது 7 பேருக்குத்தான். மத்த 93 பேர்ல பாதிப் பேருக்கு மேல தனக்கு இருக்கிறதே தெரியாது. தெரிஞ்சவங்கள்ல நிறைய பேர் எங்க அம்மாவை மாதிரி நடுவில விட்டவங்க. கிடங்கு வரைக்கும் கழகம் கொண்டு வந்துட்டது, ஆஸ்பத்திரி வரைக்கும் லாரி கொண்டு வந்துட்டது. கடைசிக் கண்ணி மட்டும் இல்லாம இருந்தது.

கடைசிக் கண்ணி நம்ம ஆள்

கொரோனா வந்தப்போ பஸ் இல்லை. வயசானவங்க வெளியே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மாத்திரை வாங்கப் போக முடியாம ஊர் ஊருக்கு எத்தனை பேர் தவிச்சாங்கன்னு நமக்கெல்லாம் தெரியும். நம்ம குழுக்கள் அப்போ முகக்கவசம் தைச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தோம்.

அடுத்த வருஷம், 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை ஆரம்பிச்சு வச்சார். ஊர்ல வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வீட்டிலேயே கொண்டு போய்க் கொடுக்கணும். இதுக்குப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வேணும். அந்த ஆளுங்களை எங்க இருந்து எடுத்தாங்க? நம்ம மகளிர் சுய உதவிக் குழுக்கள்ல இருந்துதான்! வீடு வீடாகப் போற பழக்கம், பேர் எழுதி வைக்கிற பழக்கம், கணக்குக் காட்டுற பழக்கம் எல்லாம் குழுப் பெண்களுக்கு ஏற்கனவே இருந்ததுலா. 2024 செப்டம்பர்ல ஐக்கிய நாடுகள் அமைப்பு இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது. அந்த விருதில நமக்கும் ஒரு பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன்.

எங்க ஊர்ல அந்த வேலைக்கு வந்தது எங்க குழு மதினி ஒருத்தங்க. முதல் நாள் பையை மாட்டிக்கிட்டு வந்தப்போ தெருவில சிரிச்சாங்க. "ஏ, நீ எப்போ டாக்டர் ஆனே?"ன்னு கேட்டவங்க உண்டு. எங்க அத்தை, "எனக்கு ஒண்ணும் இல்ல, போ தாயி"ன்னு கையைக் கொடுக்கவே இல்லை. மதினி மூணு தடவை வந்தாங்க. நாலாவது தடவை நான் எங்க அம்மா விழுந்த கதையை அத்தைகிட்ட சொன்னேன். பேசாம கையை நீட்டுனாங்க. மேல 180-க்கு இருந்தது. அன்னைக்கு ஆரம்பிச்ச மாத்திரைதான் இப்ப வரைக்கும் தேதி தவறாம வருது.

வெள்ளத்தில தப்பின நோட்டு

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளை நாம யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல எண்ணூறு பேரோட ரயில் நின்னு போச்சு. தாமிரபரணி கரை தெரியாம ஓடுச்சு. எங்க தெருவில முட்டளவு, கீழத்தெருவில இடுப்பளவு. பள்ளிக்கூடத்து மாடியில போய் இருந்தோம். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பாஸ்புக் எல்லாம் பையில எடுத்தேன். அத்தையோட மாத்திரையை எடுக்க எனக்கு ஞாபகம் வரலை. உண்மையைச் சொல்றேன், அவ்வளவு எழுதுற நானே மறந்துட்டேன்.

தண்ணி வடிஞ்சு போய்ப் பார்த்தா அலமாரிக்குள்ள சகதி. மாத்திரை அட்டை எல்லாம் சேறு. கீழத்தெருவில எல்லா வீட்டிலேயும் இதே கதி. அதுக்குப் பிறகு மருத்துவ முகாம் வந்தது. மருந்து கொண்டு வந்திருந்தாங்க. ஆனா டாக்டர் ஒவ்வொருத்தர்கிட்டேயும், "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க, எவ்வளவு பவர்?"னு கேட்டாங்க. யாருக்குத் தெரியும்? "வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்"ன்னு ஒருத்தர். "காலையில ஒண்ணு, ராத்திரி பாதி"ன்னு இன்னொருத்தர். அட்டையும் போச்சு, ஆஸ்பத்திரிச் சீட்டும் போச்சு.

அப்போ எங்க மதினி வந்தாங்க. சேலைக்குள்ள வச்சிருந்த ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சாங்க. உள்ள அவங்க நோட்டு. யார் பேர், என்ன வியாதி, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியா என்னைக்குக் கொடுத்தது எல்லாம் வரிசையா எழுதி இருந்தாங்க. அவங்க வீட்டில பீரோ மிதந்திருக்கு, நோட்டை மட்டும் நனைய விடலை. அதைப் பார்த்துப் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்தாங்க. ஒரு காலைப் பொழுதுக்குள்ள ஊருக்கே மாத்திரை கிடைச்சிட்டது.

மருந்து வர்ற சங்கிலின்னா லாரி, கிடங்கு, ஐஸ் பெட்டின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். யாருக்கு எது வேணும்னு எழுதி வச்ச அந்த நோட்டும் சங்கிலிதான்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. மருந்து இருந்து நோட்டு இல்லைன்னா என்ன பிரயோஜனம்?

நாம என்ன செய்யலாம்?

எல்லாம் சரியா நடக்குதுன்னு சொன்னா அது பொய். ஒரு சமயம் எங்க பக்கத்தில ஒரு மாத்திரை மட்டும் சில வாரம் வரலை. சனங்க மதினியைத்தான் ஏசுனாங்க. "நீதான் எங்கேயோ வச்சிட்டே"ன்னு கூடப் பேசுனாங்க. அவங்க அழுதுக்கிட்டே வந்தாங்க. குழுக் கூட்டத்தில பேசி, இரண்டு பேர் அவங்க கூடப் போய் விசாரிச்சோம். அங்க இருந்த மருந்தாளுநர் பொறுமையா விளக்கினார். "போன வருஷம் எவ்வளவு செலவாச்சோ அதை வச்சுத்தான் இந்த வருஷத் தேவையைக் கேட்கிறோம். உங்க ஆளு வீடு வீடாகப் போய்ப் புது ஆட்களைக் கண்டுபிடிச்சாங்க. ஆள் கூடிட்டு, மருந்துக் கணக்கு பழசாவே இருக்கு. முன்கூட்டியே எண்ணிக்கை தெரிஞ்சா கூடுதலா கேட்டு வாங்கலாம்"னார்.

யோசிச்சுப் பாருங்க. மதினி வேலையை நல்லா செஞ்சதாலதான் மாத்திரை பத்தாம போயிருக்கு! அதுக்கு அவங்களையே ஏசியிருக்கோம்.

ஆப்பிரிக்காவில மலாவின்னு ஒரு சின்ன நாடு. அங்கேயும் கிராமத்து சுகாதாரப் பணியாளர்கள் கையில மருந்து இல்லாம கஷ்டப்பட்டிருக்காங்க. 2011 வாக்கில அவங்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தாங்க. ஒவ்வொருத்தரும் மாசா மாசம் தன்கிட்ட எந்த மருந்து எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சாதாரண செல்போன்ல மெசேஜ் அனுப்பணும். மேல இருக்கிறவங்க அதைப் பார்த்து எவ்வளவு அனுப்பணும்னு கணக்குப் போடுவாங்க. தீர்ந்த பிறகு கேட்காம, தீரும் முன்னால சொல்றது. அவ்வளவுதான் விஷயம். நம்ம வீட்டில கேஸ் சிலிண்டர் தீர்ந்த பிறகா பதியுறோம்?

அதுக்குப் பிறகு எங்க குழுவில ஒரு பழக்கம் வச்சோம். மாசக் கூட்டத்தில சேமிப்பு வசூல் முடிஞ்சதும் ஐந்து நிமிஷம் மாத்திரைக் கணக்கு. எந்தத் தெருவில புதுசா யாருக்கு மாத்திரை ஆரம்பிச்சாங்க, யார் வெளியூர் போயிட்டாங்க, யார் இறந்துட்டாங்க, யார்கிட்ட மாத்திரை சாப்பிடாம மிச்சம் கிடக்கு, எல்லாம் சொல்லுவோம். மதினி எழுதிக்கிட்டு, செவிலியர் அக்காகிட்ட முன்கூட்டியே கொடுப்பாங்க. இதுக்கு ஒரு பைசா செலவு இல்லை.

மாத்திரையை மிச்சம் பிடிக்கிறவங்களை இதுலதான் கண்டுபிடிக்கிறோம். எங்க அம்மாவை மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்ட ஒரு சித்தி, "உடம்பு நல்லாத்தானே இருக்கு"ன்னு சொன்னாங்க. பக்கத்தில உட்கார்ந்து பேசினோம். இப்போ தினமும் சாப்பிடுறாங்க. எங்க அம்மா இருந்த காலத்தில இப்படி ஒரு அஞ்சு நிமிஷம் யாராவது கேட்டிருந்தா என்னன்னு எனக்கு ஒவ்வொரு கூட்டத்திலேயும் தோணும்.

கூட்டமைப்பில இருக்கிற எல்லாக் குழுவும் இதைச் செய்யணும்னு கேட்டுக்கிறேன். இன்னும் சில விஷயமும் சொல்லணும். மாத்திரை அட்டையில காலாவதி மாசம் பார்க்கப் பழகுங்க. ஒருத்தர் மாத்திரையை அடுத்தவங்களுக்குக் கொடுக்காதீங்க, ஒரே நிறமா இருந்தாலும் ஒரே மருந்து இல்லை. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்னு ஒரு தாள்ல எழுதி, ஆதார் அட்டை இருக்கிற கவருக்குள்ளேயே வச்சிருங்க. மழைக்காலம் வர்றதுக்கு முன்னாலேயே ஒரு பத்து நாள் மாத்திரையைக் கவர்ல சுத்தி மேல் பரண்ல வைக்கலாமான்னு செவிலியர்கிட்ட கேட்டு வைங்க. மருந்து வரலைன்னா தன்னார்வலரை ஏசாதீங்க. அவங்க கூட நாலு பேர் போய்க் கேளுங்க. அப்படியும் வரலைன்னா கிராம சபை இருக்கு, அங்க எழுந்து நின்னு பேசுங்க. கடன் கேட்க எழுந்து நின்ன நமக்கு இதுக்கு என்ன பயம்?

1802-ல் ஒரு மூணு வயசுக் குழந்தையோட கை வழியா நம்ம நாட்டுக்கு வந்த மருந்து, இப்போ நம்ம கை வழியா நம்ம வாசலுக்கு வருது. நம்ம கையில வந்து அது அறுந்து போகாம பார்த்துக்கிடுவோம்.



வாழ்க மகளிர் ஒற்றுமை!

இப்படிக்கு,
ஒரு குழு உறுப்பினர், பாளையங்கோட்டை வட்டாரம்